இரண்டு வரிசை, ஒரே வண்டி: டிஸ்னி வேர்ல்டில் காத்திருப்புக்கு விலை வந்த கணக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு விடுமுறையில் செல்லும் குடும்பம் முதலில் நுழைவுச்சீட்டை வாங்குகிறது. அங்குள்ள நான்கு பூங்காக்களில் பெயர்பெற்றதான மேஜிக் கிங்டத்துக்குப் பெரியவர் ஒருவரின் ஒருநாள் சீட்டு, 2025ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் 199 டாலரைத் தொட்டது. அதைக் கொடுத்து முடித்தபின் கைப்பேசிச் செயலியைத் திறந்தால், சவாரிகளில் காத்திருப்பைக் குறைக்கும் விரைவு வரிசைக்கான லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ், பிரீமியர் பாஸ் என்று மேலும் மூன்று சீட்டுகள் விற்பனைக்குக் காத்திருக்கின்றன. 2024 ஜூலையில் பெயர்களும் விதிகளும் ஒருசேர மாறிவிட்டதால், முன்பே போய்வந்த உறவினர்கள் சொல்லும் யோசனைகளும் இப்போது பாதிதான் பொருந்துகின்றன. உள்ளே நுழையக் கொடுத்த பணம் எதற்கு, இந்தப் பணம் எதற்கு, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள் எழுவது இயல்பு.

இக்கேள்விகளுக்கு விடை காண, சலுகைகளின் பட்டியலைவிட ஒரே ஓர் எண் அதிகம் உதவும். ஒரு சவாரி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதே அந்த எண். மற்றவை அனைத்தும் அதிலிருந்து கிளைப்பவை.

நுழைவுச்சீட்டு எதை வாங்கித் தருகிறது?

டிஸ்னி நிறுவனத்தின் முதல் பூங்காவான டிஸ்னிலேண்ட், 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறக்கப்பட்டது. அங்கு நுழைவுக்கு ஒரு கட்டணம், ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணம். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் வாசலில் ஒரு சீட்டும் இராட்டினத்துக்கு இன்னொரு சீட்டும் வாங்குவோமே, அதே ஏற்பாடுதான். அந்த ஆண்டே சவாரிகளைத் தரம் பிரித்துக் கூப்பன் புத்தகங்கள் அச்சிடப்பட்டன; எளிய சவாரிக்கு 'ஏ' கூப்பன், அதைவிட உயர்ந்ததற்கு அடுத்த எழுத்து என்று ஏறி, 1959இல் உச்சத் தரமான 'இ' கூப்பன் வந்து சேர்ந்தது. 1971 அக்டோபர் 1 அன்று ஃபுளோரிடாவில் மேஜிக் கிங்டம் திறந்தபோதும் இதே முறைதான். பெரியவருக்கு நுழைவு 3.50 டாலர், சவாரிக்குக் கூப்பன் தனி.

1982இல் கூப்பன் புத்தகம் ஒழிந்தது. ஒரே கட்டணம் கட்டி உள்ளே வந்துவிட்டால் எந்தச் சவாரியிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று. கேட்கத் தாராளமாகத் தெரியும் இந்த மாற்றத்துக்கு ஒரு விளைவு உண்டு. கூப்பன் காலத்தில், 'இ' கூப்பன் இரண்டுதான் மிச்சம் என்றால் குடும்பம் யோசித்துச் செலவழித்தது. கூப்பன் போனபின், எல்லோரும் விரும்பும் சவாரிக்கும் யாரும் சீந்தாத சவாரிக்கும் விலை ஒன்றே: பூஜ்யம். விலையால் கட்டுப்படாத கூட்டத்தைக் காத்திருப்புதான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே நுழைவுச்சீட்டு தருவது வரிசையில் நிற்கும் உரிமை. எத்தனை சவாரி கிடைக்கும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. 2018 அக்டோபரில் தேதிக்குத் தேதி மாறும் நுழைவுக் கட்டணம் வந்தது. அது கூட்டத்தை ஆண்டின் பல நாள்களுக்குப் பிரித்துவிட முயல்கிறதே தவிர, ஒரே நாளுக்குள் எந்தச் சவாரியில் நெரிசல் என்பதைத் தொடுவதில்லை.

ஒரு சவாரியின் மணிக்கணக்கு

ரோலர் கோஸ்டரின் தடம், பாதுகாப்புக்காகப் 'பிளாக்' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு வண்டித்தொடர் மட்டுமே இருக்கலாம். முன்னால் போன தொடர் அப்பகுதியை விட்டு விலகும்வரை பின்னால் உள்ளதை நகர விடாமல் கட்டுப்பாட்டு அமைப்பே நிறுத்தி வைக்கும். எனவே ஒரு தொடரில் எத்தனை இருக்கைகள், எத்தனை விநாடிக்கு ஒரு தொடர் புறப்படுகிறது என்ற இரண்டும் சேர்ந்தே அதன் திறனைத் தீர்மானிக்கின்றன.

கணக்குக்காக, 20 பேர் அமரும் தொடர் 40 விநாடிக்கு ஒன்று புறப்படுவதாகக் கொள்வோம். மணிக்கு 90 புறப்பாடு, 1,800 பேர். இப்போது ஏறுமிடத்தில் நடப்பதைப் பார்க்கலாம். வண்டி வந்து நிற்கிறது. ஒருவர் முதுகுப்பையைக் காலடியில் திணிக்க இடம் தேடுகிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று இன்னொருவர் கேட்கிறார். மூன்றாம் வரிசையில் சிறுமியின் மடிமீது இறங்கிய கம்பி முழுதாகப் பூட்டவில்லை என்று ஊழியர் மீண்டும் அழுத்திப் பார்க்கிறார். பத்து விநாடி போயிற்று. எல்லாப் புறப்பாடுகளிலும் அந்தப் பத்து விநாடி போனால் மணிக்கு 72 புறப்பாடு, 1,440 பேர். 360 பேரின் இடம் அந்த ஒரு மணி நேரத்தில் ஆவியாகிவிடுகிறது. வெளியே வெயிலில் நிற்பவருக்கு ஏன் வரிசை நகரவில்லை என்று தெரிவதே இல்லை.

வேறு வகைச் சவாரிகளும் உண்டு. ஹாண்டட் மேன்ஷன் என்னும் பேய்மாளிகையில் சங்கிலிபோல் இணைந்த இருக்கைகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நகரும் நடைமேடையில் கால் வைத்தபடி ஏறிக்கொள்ள வேண்டும். 1967இல் டிஸ்னிலேண்டில் முதன்முதலாக வந்த ஆம்னிமூவர் என்னும் இந்த ஏற்பாடு மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை விழுங்கவல்லது. மேஜிக் கிங்டத்தில் 1971 முதல் ஓடும் பீட்டர் பான்ஸ் ஃபிளைட், இரண்டு மூன்று பேர் மட்டுமே அமரும் சிறு கப்பல்களைக் கொண்டது. பேய்மாளிகை ஏற்றுவதில் ஏறக்குறையப் பாதிப்பேரைத்தான் இதில் ஏற்ற முடியும். அரை நூற்றாண்டு கடந்த, திகில் ஏதுமற்ற ஒரு குழந்தைச் சவாரிக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. டம்போ என்னும் பறக்கும் யானை இராட்டினத்துக்கு இதே நோய் இருந்தது. 2012இல் அதை வேறிடத்துக்கு மாற்றி, இரண்டு இராட்டினங்களாக்கி, காத்திருக்கும் குழந்தைகள் விளையாடக் கூடாரமும் கட்டிக் கொடுத்தார்கள். நெரிசலை உண்மையாகவே குறைத்த மருத்துவம் அது. இரண்டாவது இராட்டினம் கூடுதல் இருக்கைகளைத் தந்தது.

இங்கு ஒரு சூத்திரம் உதவும். வரிசையியலில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியை எளிமையாகச் சொன்னால்: காத்திருக்கும் நேரம் என்பது, நமக்கு முன்னால் நிற்பவர் எண்ணிக்கையை, வரிசை நகரும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. முன்னால் 600 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். மணிக்கு 2,400 பேரை ஏற்றும் சவாரி என்றால் 15 நிமிடம். 600 பேரை ஏற்றும் சவாரி என்றால் ஒரு மணி நேரம். கண்ணுக்குத் தெரியும் கூட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆகையால் வரிசையின் நீளத்தைப் பார்த்து மிரள்வதும், சிறிய வரிசை என்று நம்பிப் போய்ச் சேர்வதும் இரண்டுமே ஏமாற்றும்.

விரைவு வரிசை எங்கிருந்து இடம் எடுக்கிறது?

லைட்னிங் லேன் என்பது அதே சவாரிக்கு இன்னொரு வாசல். திருப்பதியில் சர்வ தரிசனத்துக்கு வந்தவரும் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு வந்தவரும் வேறு வேறு வழியில் நடந்தாலும் கடைசியில் ஒரே சந்நிதி முன்தான் சேர்கிறார்கள், இங்கும் அப்படியே. சாதாரண வரிசையும் விரைவு வரிசையும் ஏறுமிடத்துக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் சேர்கின்றன. அங்கே ஓர் ஊழியர் நிற்பார். விரைவு வரிசையினர் கைப்பேசியையோ மணிக்கட்டுப் பட்டையையோ அங்குள்ள கம்பத்தில் காட்டிவிட்டு ஒரு குழுவுக்குப் பின் ஒரு குழுவாகச் செல்ல, சாதாரண வரிசையின் முதல் ஆள் கயிற்றின்மேல் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனை விரைவுக் குழுக்களுக்கு ஒரு சாதாரணக் குழு என்பது அந்த ஊழியர் கையில் உள்ளது. பூங்கா முழுவதிலும் மனத்தாங்கல் மிகுந்த சதுர அடி அதுவாகத்தான் இருக்கும்.

எண்களில் சொன்னால், மணிக்கு 1,200 பேரை ஏற்றும் சவாரியில் 800 இடம் விரைவு வரிசைக்குப் போனால், சாதாரண வரிசைக்கு எஞ்சுவது 400. விரைவு வரிசையே இல்லாத காலத்தில் முன்னால் 400 பேர் நின்றால் 20 நிமிடம். இப்போது அதே 400 பேருக்கு ஒரு மணி நேரம். வண்டிகள் கூடவில்லை, இருக்கைகள் கூடவில்லை. ஒருவர் தவிர்த்த காத்திருப்பு இன்னொருவரின் தலையில் ஏறியிருக்கிறது.

இதன் வரலாறு சுருக்கமானது. 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். சவாரியின் வாசலில் உள்ள எந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், இன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். 2014இல் அது ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் ஆகி, டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் 60 நாள் முன்பும் மற்றவர்கள் 30 நாள் முன்பும் செயலியிலேயே பதிவு செய்யும்படி மாறியது. அப்போதும் இலவசம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டு, ஜூலையில் மீண்டும் திறந்தபோது அந்த வசதி திரும்பவில்லை. 2021 அக்டோபர் 19 அன்று ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கட்டணத்துடன் திரும்பியது. 2024 ஜூலை 24 முதல் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ்.

இலவசமாக இருந்த காலமே பொற்காலம் என்று பழைய பார்வையாளர்கள் பலர் சொல்வதுண்டு. அதை முழுதாக ஏற்பதற்கில்லை. துண்டுச்சீட்டு கையில் இருந்தவர், அதன் நேரம் வரும்வரை சும்மா உட்காரவில்லை; வேறொரு சவாரியின் வரிசையில் போய் நின்றார். அதாவது ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் இருந்தார். அதுவரை ஆளில்லாமல் கிடந்த சிறு சவாரிகளிலும் வரிசை நீண்டது அதன் பக்கவிளைவு. கட்டணம் வந்தபின் மாறியது, அந்த இரட்டை நிலை யாருக்குக் கிடைக்கும் என்பது மட்டுமே. 1982இல் ஒழிந்த 'இ' கூப்பன், கைப்பேசித் திரையில் வேறு பெயரில் மறுபிறவி எடுத்திருக்கிறது என்றாலும் தவறில்லை.

செயலியில் காணும் சொற்களின் பொருள்

1. மல்டி பாஸ்: ஒரு பூங்காவில் மூன்று சவாரிகளுக்கு நேரம் குறித்து முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி. குறித்த நேரம் ஒரு மணி நேர அளவுடையது. மேஜிக் கிங்டம் போன்ற பூங்காக்களில் முதல் தரப் பட்டியலிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து இரண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அனிமல் கிங்டத்தில் அது இல்லை. மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததைப் பதிவு செய்யலாம் என்பதே இதன் உயிர்நாடி. முதல் பதிவைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டவர், அதுவரை நான்காவதைத் தொட முடியாது. காலை ஒன்பதரைக்கு வைத்தவர் பத்து மணிக்கே தொடலாம். ஒரே சவாரிக்கு ஒரு நாளில் ஒரு முறைதான்.

2. சிங்கிள் பாஸ்: தேவை மிகுந்த ஓரிரு சவாரிகள் மல்டி பாஸில் சேராமல் தனியே விற்கப்படுகின்றன. மேஜிக் கிங்டத்தின் டிரான், எப்காட்டின் காஸ்மிக் ரிவைண்டு, அனிமல் கிங்டத்தின் ஃபிளைட் ஆஃப் பேசேஜ் ஆகியவை இவ்வகையில் வந்தவை.

3. பிரீமியர் பாஸ்: 2024 அக்டோபர் 30இல் அறிமுகமானது. நேரம் குறிக்காமல், விரைவு வாசல் உள்ள ஒவ்வொரு சவாரியிலும் ஒரு முறை நுழையலாம். தொடக்க விலை பூங்காவையும் தேதியையும் பொறுத்து ஒருவருக்கு 129 முதல் 449 டாலர் வரை. நுழைவுச்சீட்டு இதில் அடங்காது.

4. மெய்நிகர் வரிசை: புதிய சவாரி திறக்கும்போது, நிற்கும் வரிசையே வைக்காமல், காலையில் செயலியில் இடம் பிடிப்போரை மட்டும் குழுக்களாக அழைப்பது. டிரானும் காஸ்மிக் ரிவைண்டும் தொடக்கத்தில் இப்படித்தான் இயங்கின; பின்னர் சாதாரண வரிசைக்குத் திரும்பின. இதன் தேவையை உணர்த்தியது போட்டிப் பூங்கா ஒன்றின் அனுபவம். 2019 ஜூனில் யுனிவர்சல் பூங்காவில் ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் சவாரி திறந்த நாளில் காத்திருப்பு பத்து மணி நேரம் வரை சென்றது.

5. ஒற்றையர் வரிசை: இருக்கை வரிசையில் விழும் ஒற்றை இடங்களை நிரப்பத் தனியாக வருவோருக்கான வழி. அனிமல் கிங்டத்தின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. குடும்பத்தார் அடுத்தடுத்து உட்கார முடியாது என்பதைத் தவிர இதில் இழப்பு ஏதுமில்லை, பணமும் இல்லை.

பதிவு தொடங்கும் நேரத்திலும் ஒரு வேற்றுமை உண்டு. டிஸ்னி விடுதியில் தங்குவோர் வருகைக்கு ஏழு நாள் முன்பும், மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் தொடங்கலாம். இரு சாராருக்கும் ஃபுளோரிடா நேரப்படி காலை ஏழு மணி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்ய வேண்டியவர்களுக்கு அது இந்திய, இலங்கை நேரத்தில் கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் மாலை 5:30. மூன்று நாள் பதிவுக்காரர்கள் வரும்போது, ஏழு நாள் பதிவுக்காரர்கள் பந்தியின் முதல் இலைகளில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்.

அருகிலுள்ள யுனிவர்சலில் ஏற்பாடு வேறு. அங்கு விரைவு வரிசைச் சீட்டான எக்ஸ்பிரஸ் பாஸுக்கு நேரம் குறிக்கத் தேவையில்லை. போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விடுதிகளில் தங்கினால் பழைய இரு பூங்காக்களுக்கு எக்ஸ்பிரஸ் வசதி அறைக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும்; உள்ளே வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் அது செல்லும் என்பதால் ஓர் இரவுத் தங்கல் இரண்டு நாள் பயன் தரும். நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு நாளுக்குத் தனித்தனியே எக்ஸ்பிரஸ் வாங்கினால் ஆகும் தொகையோடு அறை வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 2025 மே 22இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்னும் புதிய பூங்கா மட்டும் இந்தச் சலுகைக்குள் வராது.

நாளின் வடிவம்

காலையில் வாயில் திறக்கும்போது எல்லா வண்டிகளும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் அன்றைய கூட்டத்தில் சிறு பகுதிதான் உள்ளே வந்திருக்கும். முற்பகல் பதினொரு மணிக்கு மேல் இந்த நிலை தலைகீழாகிறது. மாலை மங்கியபின் குழந்தைகள் களைத்து, குடும்பங்கள் கலைந்து, வரிசை மீண்டும் சுருங்குகிறது. ஒரே சவாரி, ஒரே நாள், ஒரே திறன். காலை ஒன்பதுக்கு 15 நிமிடம், பிற்பகல் இரண்டுக்கு 80 நிமிடம் என்பது அங்கு சாதாரணம். ஆகவே பணம் கொடுக்காமல் கிடைக்கும் விரைவுச்சீட்டு காலை முதல் மணி நேரம்தான்.

அதைப் பெறுவதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன.

1. டிஸ்னி விடுதியில் தங்குவோர் அரை மணி நேரம் முன்பே நான்கு பூங்காக்களிலும் அனுமதிக்கப்படுகிறார்கள். வெளியில் தங்குபவர் சரியான நேரத்துக்கு வாயிலில் நின்றாலும், பீட்டர் பான் முன்னால் ஏற்கெனவே ஆள் இருக்கும். வெளியில் தங்குவோருக்கு முதல் இலக்கு, முன்நுழைவில் திறக்காத பகுதியிலுள்ள சவாரியாக இருப்பது மேல்.

2. மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வருவோர் பூங்கா வாசலில் இறங்க முடியாது. வாகன நிறுத்தத்திலிருந்து ஏரியைத் தாண்டிப் படகிலோ மோனோரயிலிலோ செல்ல வேண்டும். பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்து முக்கால் மணி நேரத்தை ஒதுக்காதவர், கணக்கிட்டு வைத்த முதல் மணி நேரத்தைப் படகுத்துறையிலேயே இழப்பார். டிஸ்னி விடுதிப் பேருந்து வாசலருகே இறக்கிவிடுகிறது.

3. மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தாலும் சவாரி உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் பலகை காட்டும் நிமிடங்கள் உண்மையைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். அந்நேரத்தில் '60' என்று பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. பலகையை நம்பாமல் உள்ளே போகிறவர்களுக்கு அது லாபம்.

பலகையிலுள்ள நிமிடங்கள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை நேரில் காணும் வாய்ப்பும் சிலருக்குக் கிடைத்ததுண்டு. வரிசையின் வாயிலில் ஊழியர் ஒரு சிவப்பு அட்டையைக் கழுத்துக் கயிற்றோடு கையில் கொடுத்து, ஏறுமிடத்தில் உள்ளவரிடம் ஒப்படைக்கச் சொல்வார். அங்கு அதைப் பதிவு செய்ததும், இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளி வெளியே பலகையில் ஏறும். அதாவது பலகை சொல்வது, அட்டையைச் சுமந்தவர் நின்ற நேரம். இப்போது சேர்பவர் நிற்கப்போகும் நேரம் வேறாக இருக்கலாம். முற்பகலில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது பலகை பின்தங்கும்.

ஃபுளோரிடாவின் கோடை மழையும் கணக்கில் வர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. அருகில் மின்னல் கண்டால் திறந்தவெளிச் சவாரிகள் நிறுத்தப்படும். நிஜ மின்னல் வந்தால் மின்னல் பெயர் கொண்ட வரிசையும் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் பாதிப்பில் வேறுபாடு உண்டு. குறித்த நேரத்தில் சவாரி நின்றுபோனால், மல்டி பாஸ் வைத்திருப்பவருக்கு அது பின்னர் பயன்படுத்தக்கூடிய மாற்றுச்சீட்டாக மாறிவிடும். சாதாரண வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றவர் வெறுங்கையோடு வெளியேறுவார். விரைவுச்சீட்டின் இந்தக் காப்பீட்டுத் தன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. மழை மாதங்களில் அதன் மதிப்பு கூடுகிறது.

எந்த வாரம்?

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, நன்றிநவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம், ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள் ஆகியவை உச்சம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நீண்ட விடுப்பு கிடைப்பதும் இந்த வாரங்களில்தான் என்பது பரிதாபம். பள்ளிகள் திறந்துவிட்ட ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் தளர்வானவை. புழுக்கமும் சூறாவளிக் காலமும் அதற்குக் கொடுக்கும் விலை. தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு ஒரு சாதகம் உண்டு. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் மே முதல் மூன்று வாரங்கள், அமெரிக்கப் பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும் காலம். ஈஸ்டர் கூட்டம் கலைந்து, மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவுநாள் விடுமுறைக் கூட்டம் சேராத இடைவெளி அது. நுழைவுக் கட்டணமும் அந்த வாரங்களில் உச்சத்தில் இருப்பதில்லை.

குடும்பத்தில் யார் யார்?

சவாரி வாயிலில் அளவுகோல் நிற்கும். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97 சென்டிமீட்டர், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள். அழுகையும் கெஞ்சலும் அங்கு எடுபடாது. வீட்டுச் சுவரிலேயே அளந்து, எந்தச் சவாரி கிடைக்காது என்று குழந்தையிடம் முன்னரே சொல்லிவிடுவது, அந்த வாயிலில் நடக்கும் கலவரத்தைத் தவிர்க்கும். உயரம் போதாத குழந்தையோடு வரும் பெற்றோருக்கு 'ரைடர் சுவிட்ச்' உண்டு: ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் போய்வந்தபின், காத்திருந்தவர் முழு வரிசையில் மறுபடி நிற்காமல் விரைவு வாசல் வழியே செல்லலாம். வாயில் ஊழியரிடம் கேட்டால்தான் கிடைக்கும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டே வேண்டாம்.

தாத்தா, பாட்டியோடு செல்வோர் நடையையும் வெயிலையும் எண்ண வேண்டும். பிற்பகலில் வரிசைகள் உச்சத்தில் இருக்கும் மூன்று மணி நேரத்தை விடுதியில் தூங்கிக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவது நேர இழப்புபோல் தோன்றும். அந்த மூன்று மணி நேரத்தில் கிடைப்பது இரண்டு சவாரிகளே. வெளியுணவுக்குத் தடை இல்லை, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. எனவே எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் தாராளமாக உள்ளே போகலாம். துரித உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த நீர் இலவசமாகத் தருவார்கள்.

கட்டணம் எப்போது நியாயம்?

மல்டி பாஸின் விலை நாளுக்கு நாள் மாறுவதால், அதன் பயனை மணிக்கணக்கில் அளப்பது நல்லது. மேஜிக் கிங்டத்தில் விரைவு வாசல் உள்ள சவாரிகள் அதிகம். நெரிசலான நாளில் ஆறு சவாரிகளில் தலா 40 நிமிடம் மிச்சமானால் நான்கு மணி நேரம் கைக்கு வருகிறது. அங்கு அது பொருளுள்ள செலவு. சவாரிகள் குறைந்த அனிமல் கிங்டத்தில், திறக்கும் நேரத்தில் வந்தவருக்கு அதே சீட்டால் பெரிய வேறுபாடு ஏற்படாது. பிரீமியர் பாஸ் தொடக்க உச்ச விலையான 449 டாலரில் நால்வருக்கு 1,796 டாலர் ஆனது, ஒரே நாளுக்கு. கணக்குப் பார்த்து வாங்குபவருக்கான பொருள் அது அல்ல.

இவற்றோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு வழி, ஒரு நாளைக் கூட்டிக்கொள்வது. டிஸ்னியின் பலநாள் சீட்டில் நாள் ஏற ஏற, ஒரு நாளுக்கான சராசரி விலை இறங்குகிறது. மூன்று நாள் சீட்டை நான்கு நாளாக்கும்போது கூடும் தொகையையும், மூன்று நாளுக்கும் வாங்கும் மல்டி பாஸ் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், சில தேதிகளில் முன்னதே மலிவாக வரும். விடுதியில் கூடுதல் இரவுக்கான வாடகையைச் சேர்த்தபின் அது மாறலாம். ஆர்லாண்டோவில் உறவினர் வீட்டில் தங்குபவருக்கு மாறாது. கூடுதல் நாள் கிடைத்தவருக்கு மேஜிக் கிங்டத்தில் இரண்டு காலைகள் கிடைக்கின்றன. முதல் காலை பீட்டர் பானுக்கு, இரண்டாம் காலை ஸ்பேஸ் மவுண்டனுக்கு என்று பிரித்துக்கொண்டால், கட்டண வரிசைக்கு விட்டுவைக்க வேண்டிய சவாரி டிரான் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதற்கும், பூங்கா இரவு பத்துக்கு மூடுகிறது என்றால், 9:55க்கு சாதாரண வரிசையில் போய் நிற்கலாம்.